எரியாத வீட்டுக்குத் தண்ணீர்

எங்கள் பக்கம் எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் காலை டீக்கடையில் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். ‘வண்டி லேட்டாத்தான் வந்துச்சு’ என்பது ஒன்று. ‘வந்த வண்டியிலயும் தண்ணி இல்ல’ என்பது இன்னொன்று. தீயை நேரில் பார்த்தவர், பார்க்காதவர், அந்த நேரத்தில் பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவர் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். கடலூரில் மட்டும் என்றில்லை. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனாலும் இதே பேச்சுதான். அங்கே அரசாங்கம் வேறு, துறை வேறு, வசவு மட்டும் ஒன்று.

என் அக்கா வீட்டுக்காரர் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் சாதாரணத் தீயணைப்போராகச் சேர்ந்து, முன்னணி தீயணைப்பு வீரராகி, ஓய்வு பெற்றவர். நான் கூப்பிடுவதுபோல மாமா என்றே எழுதுகிறேன். இந்த இரண்டு வாக்கியங்களை அவர் எதிரிலேயே யாராவது சொன்னாலும் கோபப்பட மாட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குச் சொல்ல ஆரம்பிப்பார். வழக்கமாக வரும் வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் பிடிக்கும். ஒரு குழாயைப் பூட்டி நல்ல அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 400, 450 லிட்டர் போய்விடும். பத்து நிமிடத்தில் தொட்டி காலி. இரண்டு குழாய் போட்டால் ஐந்தே நிமிடம். “பதினோராவது நிமிஷம் ஓடி வந்து பார்க்கிறவனுக்கு வண்டியில தண்ணி இல்லாமத்தான் தெரியும் மாப்ள” என்பார்.

காலியானால் பக்கத்துக் கிணற்றில் இழுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நானும் கேட்டிருக்கிறேன். பம்பு உறிஞ்சித் தூக்குகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. சுமார் ஏழு மீட்டருக்குக் கீழே போய்விட்ட தண்ணீரை மேலே நிற்கும் வண்டியால் இழுக்க முடியாது. கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் எந்த ஆழத்தில் கிடக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். தீ அதிகம் பிடிப்பதும் அதே கோடையில்தான். குளத்திலும் தண்ணீர் இல்லை, போர் போட்ட புண்ணியவான் யாராவது மோட்டாரைப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குக் கரண்டு இருக்க வேண்டும். தீப்பிடித்த தெருவில் கரண்டை முதலில் நிறுத்தச் சொல்வதே தீயணைப்புக்காரர்கள்தான்!

லேட் என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு நேரம் புகையைப் பார்த்த நொடியில் தொடங்குகிறது, நிலையத்தில் இருப்பவருக்குப் போன் மணி அடித்ததும் தொடங்குகிறது. நடுவில் குடம், பக்கெட், மண், ‘டேய் யாராவது போன் பண்ணீங்களாடா’, ‘அவன் பண்ணியிருப்பான்’ எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அப்புறம் தெரு. தாழ்ந்து தொங்கும் கேபிள் வயர், சாலையை அடைத்துப் போட்ட கல்யாணப் பந்தல், பைக் மட்டும் நுழைகிற சந்து. இவற்றைத் தாண்டி வருகிற வண்டியைத்தான் ஊர் கடிகாரத்தோடு காத்திருந்து வரவேற்கிறது.

மணி அடிக்காத நேரம்

இந்த வேலை முழுக்கத் தீயோடு நடப்பது என்று வெளியிலிருந்து தோன்றும். மாமாவின் கதைகளில் பாதிக்கு மேல் தீயே கிடையாது. துறையின் பெயரிலேயே ‘மீட்புப் பணிகள்’ சேர்ந்திருக்கிறது, ஊர் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. குளியலறையில் சாரைப்பாம்பு, பள்ளிக்கூட மரத்தில் தேன்கூடு, விரலில் இறுகிப்போன மோதிரம், குண்டானுக்குள் தலையை விட்டுக்கொண்ட குழந்தை, கிணற்றில் விழுந்த மாடு. மாட்டைத் தூக்குவதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். வெறும் கயிற்றைக் கட்டி இழுத்தால் மாட்டின் முழு எடையும் அந்த மெல்லிய கயிற்றில் இறங்கி, வயிற்றுத் தோலை அறுத்துவிடும். அதனால் பழைய தண்ணீர்க் குழாயை, தட்டையாக இருக்கும் அந்தத் துணிக் குழாயை, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒரு சுற்று கொடுத்து, அதன்மேல் கயிற்றைப் பூட்டுவார்கள். கிணற்றுக்குள் இறங்குகிற ஆள் மாட்டின் கொம்புப் பக்கம் நிற்கக் கூடாது, வால் பக்கமும் நிற்கக் கூடாது. இருக்கிற தண்ணீரில் விலாப் பக்கம் ஒட்டிக்கொண்டு, அதன் காதருகே ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். “என்ன மாமா பேசுவீங்க?” என்று கேட்டேன். “வீட்டுக் கஷ்டத்தைத்தான்” என்றார்.

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்தபோது, இவர்கள் கையில் இருந்தது தண்ணீர்க் குழாய் இல்லை, மரம் அறுக்கிற மிஷின். முந்திரியும் பலாவும் புளியும் சாலை நெடுகச் சாய்ந்து கிடந்தன. ஒரு மரத்தை அறுத்துத் தள்ளினால்தான் அடுத்த மரம் வரைக்கும் வண்டி நகரும். 2015 வெள்ளத்தில் ரப்பர் படகு. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரோடு தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது மாமா ஓய்வு பெற்றிருந்தார். அப்படியும் வாசலில் நின்று, போகிற வண்டிகளில் படகு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமியைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

பண்டிகைக் கணக்கு தனி. தீபாவளிக்கு லீவு கேட்பது அந்த வேலையில் கெட்ட வார்த்தை மாதிரி. தமிழ்ப் புத்தாண்டு அதைவிட வேடிக்கை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுக்க நீத்தார் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். ஆக, சித்திரை ஒன்றாம் தேதி காலையில் ஊரே மாங்காய்ப் பச்சடி சாப்பிடும்போது மாமா நிலையத்தில் மலர்வளையத்துக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். அக்கா வீட்டில் புத்தாண்டுச் சாப்பாடு எப்போதுமே சாயங்காலம்தான். ஓய்வு பெற்ற பிறகும் அதை மாற்றவில்லை.

தீ அணைந்ததும் வேலை முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர்களுக்கு அப்போதுதான் இரண்டாவது பாதி. சேறும் கரியும் அப்பிய குழாய்களைச் சுருட்டிக் கொண்டுபோய், கழுவி, நீளத்துக்குத் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மட்கி, அடுத்த தடவை அழுத்தம் ஏறும்போது பொத்துக்கொள்ளும். தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். காலி வண்டியோடு யாரும் தூங்கப் போகக் கூடாது.

நான் பார்த்த தீ

இவ்வளவும் காதால் கேட்டது. கண்ணால் பார்த்தது ஒரு கத்திரி வெயில் மதியத்தில், நெல்லிக்குப்பம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில். ஒரு ஜாமீன் கையெழுத்து விஷயமாகப் போயிருந்தேன். கடல்காற்று எழும்பிவிட்ட நேரம். ‘நெருப்பு நெருப்பு’ என்று சத்தம் கேட்டு ஓடியபோது ஒரு கீற்று வீட்டின் கிழக்கு மூலையில் மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. நான்கு குடம் தண்ணீரில் அடங்கிவிடும் என்று தோன்றியது. அடுத்த நிமிடம் முகடு முழுக்கப் பற்றிக்கொண்டது. கீற்றுக் கூரையில் தீ எவ்வளவு வேகம் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்ட மாநிலம் இது. தெரிந்து என்ன, நேரில் பார்க்கும்போது நம்ப முடியவில்லை.

ஒரு பையன் உள்ளே பாய்ந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து தென்னந்தோப்பில் தள்ளினான். ஆடுகளை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா ஒரு தகரப் பெட்டியை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மறுபடி உள்ளே போகத் திமிறினார். நாலு பேர் பிடித்துக்கொண்டோம். மூங்கில் வெடிக்கிற சத்தம் பட்டாசுச் சத்தத்தை விட மோசமாக இருந்தது. எரிகிற கீற்றுத் துண்டுகள் காற்றில் மேற்கே பறந்தன.

வண்டி வந்தது. ஆட்கள் குதித்தார்கள். முதல் கேள்வி ‘உள்ள ஆள் இருக்கா?’, இரண்டாவது ‘சிலிண்டர் எங்க?’ இரண்டுக்கும் பதில் சொன்னோம். குழாயை இழுத்துக்கொண்டு ஓடிய இருவர் எரிகிற வீட்டைக் கடந்து போனார்கள். மேற்கே பத்து அடி தள்ளி இன்னொரு கீற்று வீடு, அதன் மேல் ஒரு பொறிகூட இல்லை, அதன் கூரையில் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தார்கள். இன்னும் இருவர் நீளமான கொக்கிக் கம்பால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஆட்டுக் கொட்டகையைக் கொத்தி இழுத்துச் சாய்த்தார்கள். எரிகிற வீட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

அந்த அம்மாவின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. “எரியுற வூட்ட வுட்டுட்டு அங்க எதுக்குடா ஊத்துறீங்க! பாவிங்களா, இங்க ஊத்துங்கடா!” கூட்டம் அவரோடு சேர்ந்துகொண்டது. யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள். குழாய் பிடித்திருந்தவன் இருபத்தைந்து வயதைத் தாண்டாத பையன். திரும்பியே பார்க்கவில்லை. கூரை தண்ணீர் குடித்துக் கறுக்கும் வரை அடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் குழாய் எரிகிற வீட்டின் பக்கம் திரும்பியது. அதற்குள் அங்கே மண்சுவரும் கரியும்தான். கொஞ்ச நேரத்தில் குழாயின் வீச்சு தளர்ந்தது. என் பக்கத்தில் நின்றவர் சொன்னார்: “பாத்தீங்களா, தண்ணி இல்லாம வந்திருக்கானுங்க.”

மாமாவின் மூன்று கேள்விகள்

அன்று ராத்திரியே மாமாவிடம் போனேன். நியாயம் கேட்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டார். காற்று எந்தப் பக்கம்? மேற்கே இருந்தது கீற்றா, ஓடா? நடுவில் எவ்வளவு இடம்? அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பதில்களைக் கேட்டுக்கொண்டு, “சரியாத்தான் பண்ணியிருக்காங்க” என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

“வண்டி தெருமுனை திரும்பும்போதே பார்த்துடுவோம் மாப்ள. முகடு நிக்குதா, உக்காந்துடுச்சா. உக்காந்துடுச்சுன்னா அப்புறம் அது வீடு இல்ல, அடுப்பு. உள்ள ஆள் இல்லன்னு தெரிஞ்சா அதுக்குத் தண்ணி கிடையாது. பத்து நிமிஷத் தண்ணிய அடுப்புல ஊத்திட்டா, பறந்து வர்ற கீத்துக்கு எத ஊத்துறது? மேக்கால எத்தனை கீத்து வீடு இருந்துச்சு?”

எண்ணிப் பார்த்தேன். வரிசையாக இருந்தன.

பெரிய தீயிலும் இதே கணக்குதான் என்றார். ரசாயன ஆலைகள் இருக்கும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதாவது என்றால், எரிகிற தொட்டியை விடப் பக்கத்துத் தொட்டியைக் குளிரவைப்பதுதான் பல நேரம் முதல் வேலை. அதிலும் உள்ளே இருப்பது என்ன சரக்கு என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்க வேண்டும். சில ரசாயனங்களில் தண்ணீர் பட்டாலே சூடேறும், விஷவாயு கிளம்பும். கேட் வாசலில் நின்றுகொண்டு ‘உள்ள என்ன இருக்கு?’ என்று கேட்கிற அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, அதுதான் இந்த வேலையிலேயே நீளமான நேரம் என்று அவர் சொல்வார். 2021 மே 13 அன்று அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலை விபத்தில் நான்கு பேர் இறந்தபோது, டிவியைப் பார்த்துக்கொண்டே ‘என்ன சரக்குன்னு சொன்னாங்களா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளே நுழைகிற முடிவும் இப்படித்தான், நொடியில் எடுப்பது. 2020 தீபாவளி விடிகாலையில் மதுரையில் ஒரு ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். “எனக்கும் அந்தச் செவுத்தப் பார்த்தா நிக்கும்னுதான் தோணியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

அப்புறம்தான் மல்லாட்டைக் கதை வந்தது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குறிஞ்சிப்பாடி பக்கம் இதே மாதிரி ஒரு தெரு. இவர் குழாய் பிடித்தவர். எரிகிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டு முகட்டை நனைத்தார். எரிந்த வீட்டுக்காரர் அடிக்க வந்தார், அது பழக்கம்தான். இவர் எதிர்பார்க்காதது மறுவாரம் வந்தது. காப்பாற்றப்பட்ட வீட்டுக்காரர் மேலதிகாரிக்கு மனு கொடுத்திருந்தார். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகள் தண்ணீரில் நனைந்து முளைத்துவிட்டனவாம், நஷ்டஈடு வேண்டுமாம். விசாரிக்கப் போன இடத்தில் அந்த மனிதர் கேட்டாராம்: “என் வூட்டுக்கு நெருப்பே வரலையே சார், எதுக்கு எனக்குத் தண்ணி அடிச்சீங்க?”

“என்ன பதில் சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்றது? நெருப்பு வரலங்கிறது வாஸ்தவம்தானே?”

மாமாவுக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை என்று எனக்குப் படுகிறது. எரிந்த வீட்டைக் காட்ட முடியும், படம் எடுக்க முடியும், வருவாய்த் துறை வந்து சேதம் குறித்துக்கொள்ள முடியும். எரியாமல் போன வீடு வெறுமனே நேற்று இருந்தபடியே இருக்கிறது. அதை யார் எந்தப் பத்தியில் எழுதுவது? நிலையத்து அறிக்கையில் ‘காப்பாற்றப்பட்ட சொத்து மதிப்பு’ என்று ஓர் இடம் உண்டாம். அதை நிரப்பும்போது கூச்சமாக இருக்கும் என்றார். நாமே நமக்குப் போட்டுக்கொள்கிற மார்க் அல்லவா.

ஆனாலும் மாமாவிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. அந்தக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை அந்த அம்மாவிடம் யார் சொன்னார்கள்? ஒரு மனுஷியின் வீட்டை விட்டுவிடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அது முடிவு என்பதே அவருக்குத் தெரியாது. கையாலாகாமல் நின்றார்கள், இல்லை என்றால் ஓரவஞ்சனை செய்தார்கள் என்றுதான் அவர் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். தீயின் நடுவில் விளக்கம் சொல்ல முடியாது, சரி. மறுநாள்? மறுநாள் வி.ஏ.ஓ. வருகிறார், தாசில்தார் வருகிறார், கட்சிக்காரர்கள் அரிசி மூட்டையோடு வருகிறார்கள். குழாய் பிடித்தவர்கள் மட்டும் வருவதில்லை. “போனா அடிப்பாங்க மாப்ள” என்றார் மாமா. “ஒரு மாசம் கழிச்சுப் போனா?” என்றேன். “அதுக்குள்ள எத்தனை மாடு கிணத்துல விழுந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஜாமீன் விஷயம் இழுத்துக்கொண்டே போனதால் அந்த ஊருக்கு மறுபடி போகவேண்டியிருந்தது. துறை செய்யாததை நாம் செய்வோமே என்று அந்த அம்மாவைத் தேடிப் போனேன். பழைய இடத்திலேயே சிமெண்ட் அட்டை போட்டு ஓர் அறை எழும்பியிருந்தது. திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் காற்றைச் சொன்னேன், 4,500 லிட்டரைச் சொன்னேன், முகடு உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று மாமா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அது தெரியாதா சார்? போன வூடு போனதுதான், அதுல ஊத்தி என்னா புண்ணியம்? எனக்கு ஆத்திரம் அதில்ல. அது எங்க கொழுந்தன் வூடு. பல வருசமா பேச்சுவார்த்த கிடையாது. ஊருல இத்தன வூடு இருக்க, அவன் வூட்டுக்குப் போயி ஊத்துறாங்களேன்னுதான் கத்துனேன்.”

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

“நடுவுல ஆட்டுக் கொட்டாய் ஒண்ண இழுத்துப் போட்டாங்க பாருங்க, அது அவன் வெச்சது. அந்த எடத்துக்குத்தான் கேஸே நடக்குது. சும்மா சொல்லக் கூடாது சார், அந்த ஒரு வேலைய நல்லா பண்ணாங்க.”

மாமாவிடம் வந்து சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கொட்டாய்க்கு ஒரு மனு வந்திருக்கும், விசாரிச்சுப் பாரு” என்றார்.